காணிக்கை நோட்டும் கைநாட்டும்

எங்கள் சபையில் பாஸ்டர் கிடையாது. பக்கத்திலேயே சி.எஸ்.ஐ. கோயில் இருக்கிறது. அங்கே ஆயர் உண்டு, கமிட்டி உண்டு, கமிட்டிக்குத் தேர்தல் உண்டு, மேலே கோயம்புத்தூரில் பிஷப் உண்டு. எங்களுக்கு அதெல்லாம் இல்லை. ஞாயிறு காலை ஆண்கள் ஒரு பக்கம், முக்காடு போட்ட பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். ஏவுதல் வருகிற பிரதர் எழுந்து ஜெபிப்பார், இன்னொருவர் பாட்டு எடுப்பார், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசப் பாத்திரமும் கை மாறி வரும். நகை, பூ, சினிமா மூன்றும் ஆகாது. டிவி வாங்கிய வீட்டுக்கு மூப்பர்கள், அதாவது சபையைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்கள், வந்து டீ குடித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். கோத்தகிரி பக்கம் மலைச்சரிவில் சின்ன ஹால். பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்தில், மீதிப்பேர் பாக்டரியில். ஞாயிறன்று பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர்தான் திங்களன்று உங்கள் கொழுந்தை எடை போடுவார்.

பதவி இல்லாத இடத்தில் பேர்தான் பதவி. யார் பேச்சு எடுபடும், யார் கையில் காணிக்கைப் பெட்டிச் சாவியைக் கொடுக்கலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம் எல்லாமே "அவருக்கு நல்ல சாட்சி இருக்கு" என்ற ஒரே பேச்சில் தீர்ந்துவிடும். "சாட்சி கெட்டுப்போச்சு" என்றாலும் அதே மாதிரிதான், அப்பீல் கிடையாது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நானும் என் வீட்டுக்காரரும் நின்றிருக்கிறோம். நீங்கள் எந்த மதத்தின் கட்டுப்பாடான கூட்டத்தில் இருந்தாலும் இதில் ஏதாவது ஒன்று கைகொடுக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

பேர் என்றால் என்ன என்பதை நான் முதலில் பார்த்தது அப்பாவிடம். அவர் சிலோனிலிருந்து வந்தவர். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கணக்கு. அந்தக் கணக்கில் எங்கள் வீடும் ஒரு புள்ளி. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைத் தாண்டி, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காகவே அரசாங்கம் தேயிலை போட்டிருந்த காலம். அப்பாவிடம் குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் தவிர இன்னொரு காகிதமும் இருந்தது. அங்கே அவர் இருந்த சபையின் மூப்பர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம்.

எங்கள் சபைகளில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனால் இந்தக் கடிதம் கட்டாயம். பைபிளில் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில் பெபேயாள் என்ற சகோதரியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி எழுதுகிறார் இல்லையா, அதைத்தான் ஆதாரமாகச் சொல்வார்கள். கடிதம் இல்லாதவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம், அப்பத்தில் பங்கு இல்லை. கேட்கிறவர்களுக்கு இது கறாராகத் தெரியும். ஆனால் ஊர் எங்களை "சிலோன்காரங்க" என்று ஒதுக்கி நிறுத்தி, கடையில் அரைக்கிலோ அரிசி கடன் தராத நாளில், அந்தக் கடிதம் ஒன்றுதான் அப்பாவை முன் வரிசையில் உட்கார வைத்தது. அடுத்த வாரம் ஒரு மூப்பர் கவுடர் கடையில் போய்ச் சொன்னார், "கடிதத்தோட வந்த மனுஷன், குடுங்க கவுடரே." கடைக் கடன் நோட்டில் எங்கள் பேருக்கு ஒரு பக்கம் திறந்தது.

அந்தப் பக்கத்தை அப்பா எப்படிக் காப்பாற்றினார் என்பதுதான் பாடம். சம்பளத்தன்று முழுக் கடனையும் அடைக்க முடிந்த மாதங்கள் குறைவு. முடியாத மாதம், கடைக்காரர் கேட்பதற்கு முன்னால் இவர் போய் நிற்பார். இருப்பதைக் கொடுத்துவிட்டு மீதி எப்போது என்று சொல்லிவிட்டு வருவார். கடையைச் சுற்றிப் போகிற குறுக்குப் பாதை ஒன்று இருந்தது, கடன்காரர்கள் எல்லாரும் அந்தப் பாதையில்தான் வீட்டுக்குப் போவார்கள். அப்பா ஒருநாளும் அதில் இறங்கியதில்லை. கொடுக்க முடியாதவனை ஊர் மன்னிக்கும், ஒளிகிறவனை மன்னிக்காது.

இனி எங்கள் கதை. 2009 நவம்பர் மழையை நீலகிரியில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். குன்னூர், கேத்தி, கோத்தகிரி என்று எல்லாப் பக்கமும் மண் சரிந்தது. மாவட்டத்தில் நாற்பது பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். கோயம்புத்தூர், திருப்பூர் சபைகளிலிருந்து நிவாரணப் பணம் வந்தது. பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது, ஏற்கெனவே காணிக்கை நோட்டு எழுதுகிறவர் அவர் என்பதால்.

பணத்தைத் தனியாகத் தொட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எருசலேமில் கஷ்டப்படுகிறவர்களுக்குப் பவுல் பணம் சேர்த்தபோது தான் ஒருவராகவே அதைக் கையாளாமல், தீத்துவையும் கூட வேறு சகோதரர்களையும் அனுப்பினார். தேவனுக்கு முன்னால் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்னாலும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதியிருக்கிறார், இரண்டாம் கொரிந்தியர் 8-ல். இவர் அதைக் காட்டித்தான் கூட ஒரு பிரதரைக் கேட்டு வாங்கினார். அதுவும் சொந்தக்காரர் இல்லாத, நெருக்கமும் இல்லாத ஒருவரை. நமக்கு வேண்டியவரைச் சாட்சியாக வைத்தால் அது சாட்சியில்லை, கூட்டு.

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி ஸ்கேலால் கோடு போட்டது நான்தான். தேதி, பேர், ரேஷன் கார்டு எண், தொகை, வாங்கியவர் கையெழுத்து, கடைசியில் இரண்டு பிரதர்களின் கையெழுத்து. கார்டு மண்ணோடு போனவர்களுக்கு அந்த இடத்தில் அடையாளம் சொன்னவரின் பேர். எழுதத் தெரியாதவர்களுக்கு நீல மைப் பெட்டி. அதற்கே முணுமுணுப்பு வந்தது. "வீடு போயி நிக்கிறவங்ககிட்ட கைநாட்டு கேக்குறீங்களே பிரதர், மனசாட்சி இல்லையா?" என்று ஒரு பெரியவர் நேரிலேயே கேட்டார். "அண்ணே, இது உங்களுக்காக இல்ல, எனக்காக. கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று இவர் அவர் பெருவிரலைப் பிடித்து மையில் வைத்தார். மை காய்வதற்குள் ஈரக்கை பட்டுக் கலைந்த ரேகைகள் அந்த நோட்டில் நிறைய உண்டு. கலைந்ததற்குப் பக்கத்தில் இன்னொன்று வாங்கியிருக்கிறார்.

அதே மழையில் எங்கள் கூரையும் போனது. பழைய தகரம் இரண்டு ஷீட் பறந்து கீழ்த் தோட்டத்தில் கிடந்தது. தீபாவளி போனஸ் கையில் இருந்தது, போதாததற்குப் பாக்டரித் தொழிலாளர் சொசைட்டியில் கடன் போட்டு, நீலத் தகரம் வாங்கி வேய்ந்தோம். சமவெளிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலைச்சரிவில் வீட்டின் முகம் என்பது வாசல் இல்லை, கூரை. மேல் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். அந்த வரிசையிலேயே எங்கள் கூரை ஒன்றுதான் புதுசு.

யாரும் "திருடிட்டான்" என்று சொல்லவில்லை. எங்கள் கூட்டத்தில் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். "தகரம் புதுசா இருக்கே, ஸ்தோத்திரம்" என்பார்கள். அதற்கு மேல் போனால் ஜெப விண்ணப்பம் ஆகிவிடும். வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு சிஸ்டர், "பேரு வேணாம், பண விஷயத்துல சோதனையில இருக்கிற ஒரு பிரதருக்காகப் பாரத்தோட ஜெபிப்போம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நானும் மனதாரச் சேர்ந்து ஜெபித்து ஆமென் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பிரதர் என் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற பிரதர்தான் என்பது எனக்கு மட்டும் தெரியாது.

விஷயத்தை எனக்குச் சொன்னது சபைக்காரர்கள் யாரும் இல்லை, கவுடர் வீட்டம்மா. "உங்க கோயில்ல உங்க வீட்டுக்காரரப் பத்திப் பேசிக்கிறாங்க, தெரியுமா உனக்கு?" என்று சாமான் கட்டிக்கொண்டே கேட்டார். கட்டுப்பாடான சபையில் இருக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இது. வெளியே நாலு பேரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிறவர்கள் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுவதை அவர்கள் சொல்வார்கள். உள்ளே இடிந்து விழும்போது உங்களுக்காகப் பேசுகிறவர்களும் அவர்கள்தான். மூப்பராக இருக்கிறவனுக்கு வெளியே உள்ளவர்களிடமும் நற்சாட்சி வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அன்றைக்கே நாலு வீட்டு வாசலில் போய் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. இவர் விடவில்லை. மத்தேயு 18-ல் வழி இருக்கிறது. முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அப்புறம் சபைக்குச் சொல். எல்லாருக்கும் மனப்பாடமான பகுதி, யாரும் நடப்பதில்லை. இவர் நடந்தார். யார் முதலில் சொன்னது என்று தோண்டவும் இல்லை. "வேரைத் தேடிப் போனா ஊர்ல அத்தனை பேரும் எதிரியாகி நிப்பாங்க. அதிகமாச் சொன்னது யாருன்னு பாத்தாப் போதும்" என்றார். அந்த ஆளைத் தோட்டத்தில் தனியாகப் பார்த்துக் கேட்டார். "நான் ஒண்ணும் சொல்லலையே பிரதர், ஜெபிக்கத்தானே சொன்னேன்" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் இரண்டு பேரோடு போனார். அதே பதில், குரல் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. பிறகு இவரே மூப்பர்களிடம் போய், என்னை விசாரியுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

விசாரணை முடியும்வரை அப்பத்தில் பங்கெடுக்க வேண்டாம் என்றார்கள். குற்றம் நிரூபிக்கப்படாத ஆளை நிறுத்தி வைத்தது சரியா என்று கேட்டால், சரியில்லை என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். ஆனால் இவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பத்தட்டு வரிசையாக வரும், இவருக்கு முந்தின ஆள் எடுத்துவிட்டு எழுந்து தட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிடுவார். இவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். பெண்கள் பக்கத்தில் தட்டு என்னிடம் வந்தபோது எடுப்பதா வேண்டாமா என்று எனக்கு ஒரு கணம் ஆனது. எடுத்தேன். நான் விட்டால் நானே அவரைச் சந்தேகப்படுகிறேன் என்று எழுதிவிடுவார்கள். பழி வந்த நாளில் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடுகிற பிரதர்களைப் பார்த்திருக்கிறேன். அவமானம் தாங்காமல்தான் போகாமல் இருப்பார்கள், ஊர் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும். உட்கார இடம் இருக்கிறவரை போய் உட்காருங்கள்.

விசாரணை ஆண்கள் கூட்டம். எங்கள் சபையில் பெண்கள் எழுந்து பேசுவது வழக்கமில்லை, அதனால் என் வாய்க்கு அங்கே வேலை இல்லை. காகிதத்துக்கு இருந்தது. பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த தகரக் கடைப் பில், போனஸ் சீட்டு, சொசைட்டிக் கடன் பாஸ்புக் மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கிப் பின் போட்டுக் கொடுத்தேன். ஹாலுக்குப் பின்னால் டீ போடுகிற அறையில் நானும் இன்னொரு சிஸ்டரும் பாத்திரம் கழுவுகிற சாக்கில் நின்றோம். நடுவில் பலகைச் சுவர்தான், எல்லாம் கேட்டது. இவர் பேசியது மொத்தமே கொஞ்சம்தான். பில்லின் தேதி, கடன் எடுத்த தேதி, நோட்டில் மொத்த வரவு, மொத்தச் செலவு. கண்ணீர் விடவில்லை, வசனம் சொல்லவில்லை, குற்றம் சாட்டியவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உருக்கமாப் பேசினா உருக்கத்தை எடை போட ஆரம்பிச்சிடுவாங்க, கணக்கைப் பேசினா கணக்கைத்தான் பாப்பாங்க" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூப்பர்களில் ஒருவர் அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். நோட்டை வாங்கிக்கொண்டு போய் கைநாட்டு வைத்த வீடுகளுக்குத் தானே நடந்திருக்கிறார். எவ்வளவு வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் சரியாக வந்தது, ஒரு பாட்டியைத் தவிர. நோட்டில் இருந்ததில் பாதிதான் வாங்கினேன் என்று அவர் சாதித்தார். பெரியவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இரண்டாம் தவணையில் கைநாட்டு இல்லை, பாட்டியின் மகன் கையெழுத்து. மகனைக் கூப்பிட்டார்கள், அவர் தலையைச் சொறிந்தார். வாங்கியவர் யார் என்று தனியாகக் கோடு போட்டிருக்காவிட்டால், அந்த ஒரு தொகை எங்களை முடித்திருக்கும். தர்மப் பணம் கையாள்கிற யாரும், கோயில் கமிட்டியானாலும் பள்ளிவாசல் கமிட்டியானாலும், யாருக்காக என்பதையும் யார் கையில் என்பதையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அடுத்த ஞாயிறு அப்பத்துக்கு முன்னால், இந்தப் பிரதர் மேல் குற்றமில்லை என்று பெரியவர் எழுந்து சொன்னார். சிலர் வந்து கைகுலுக்கினார்கள். ஜெபிக்கச் சொன்ன ஆள் வரவில்லை.

முடிந்தது என்றுதான் நினைத்தோம். தாவீது கதையில் சீபா என்கிற வேலைக்காரன் தன் எஜமான் மேவிபோசேத்தைப் பற்றி இல்லாததைச் சொல்லி நிலம் முழுவதையும் வாங்கிக்கொள்வான். உண்மை தெரிந்த பிறகும் தாவீது பாதி நிலத்தைத்தான் திருப்பிக் கொடுப்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவே இல்லை, ராஜா ஏன் இப்படிச் செய்தார் என்று. இப்போது நன்றாகப் புரிகிறது. ஒருமுறை போன பேர் முழுசாகத் திரும்புவதில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம். பழிச்சொல் பத்து ஊருக்குப் போயிருக்கும், பழி நீங்கியது அந்த ஒரு ஹாலுக்குள்ளேதான் சொல்லப்பட்டிருக்கும். எங்கள் பக்கத்திலிருந்து அந்த வருஷங்களில் எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்து வருமானம் போதாமல் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். போனவர்கள் தகரக் கதையைக் கொண்டு போனார்கள். அதன் முடிவு அவர்களுக்குத் தெரியாது.

அது எங்களுக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து, மகளுக்கு வரன் பார்க்கும்போது. மகள் நர்ஸிங் படித்துவிட்டு கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு வீடு, அவர்களும் எங்களைப் போன்ற சபைதான். போட்டோ, சாட்சி, வேலை எல்லாம் பிடித்து, பேசி முடிக்கிற கட்டத்தில் போன் வந்தது. "ஜெபிச்சோம் சிஸ்டர், சமாதானம் வரல." எங்கள் வட்டத்தில் வேண்டாம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள். கர்த்தரே வேண்டாம் என்றுவிட்ட மாதிரி இருக்கும், மேற்கொண்டு காரணம் கேட்க முடியாது. ஒரு சொந்தக்காரர் மூலமாகத்தான் தெரிந்தது, சமாதானத்தைக் கெடுத்தது எங்கள் நீலத் தகரம். அது அதற்குள் வெளிறித் துருப்பிடித்தே போயிருந்தது.

இந்த முறை எழுத்தில் கேட்டோம். நிவாரணப் பண விஷயமாக 2009-ல் எழுந்த புகார் விசாரிக்கப்பட்டது, நோட்டும் பில்களும் பார்க்கப்பட்டன, பயனாளிகளிடம் நேரில் கேட்கப்பட்டது, குற்றமில்லை என்று கண்டோம். இவ்வளவுதான் வாசகம். அரவங்காட்டுப் பெரியவர் அதற்குள் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார், மற்ற இரண்டு மூப்பர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பணம் அனுப்பிய எல்லாச் சபைகளுக்கும் நகல் போனது. எங்கே வரைக்கும் பேச்சு போனதோ அங்கே வரைக்கும் காகிதமும் போக வேண்டும். உங்கள் மேல் பழி வந்து நீங்கினால், வாய்வார்த்தை அறிவிப்போடு விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே தேதி போட்டு எழுதி வாங்குங்கள். கேட்டால் பெருமை பிடித்தவன் என்பார்கள், சொல்லட்டும். விசாரித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

கடிதம் போன பிறகு அந்த வீட்டார் மறுபடி பேச்செடுத்தார்கள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "கூரையைப் பாத்து ஜெபிக்கிற வீடு எனக்கு வேணாம்மா" என்றாள். வேறு நல்ல இடத்தில் முடிந்தது.

இதுவரை பேரைக் காப்பதைப் பற்றியே சொல்லிவிட்டேன். காக்கவே கூடாத பேரும் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு சிஸ்டர், ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். அவர் கணவர் ஜெபித்தால் ஹாலே உருகும். சம்பள நாள் ராத்திரி அவர் மனைவியின் முதுகு என்ன ஆகும் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியும். பெரியவர்கள் சொன்ன ஆலோசனை, "பொறுத்துக்கோ, வெளிய போனா சபைக்குச் சாட்சி கெட்டுப்போகும்." விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போகக்கூடாது என்று கொரிந்தியர் நிருபத்தையும் காட்டினார்கள். அது பண வழக்குக்கும் சொத்து வழக்குக்கும் பொருந்தும், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அடிக்கு எப்படிப் பொருந்தும்? நானும் இன்னொரு பெண்ணும் அவரை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அடிபட்டவள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை, அந்த வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்பதும், சமூகநலத் துறையில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் உண்டு என்பதும் எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். 181-க்கு போன் போட்டாலும் வழி சொல்வார்கள். குழந்தைகளிடம் யாராவது தவறாக நடந்துகொண்டால் 1098. அதில் சபைக்குள் வைத்துப் பேசித் தீர்க்கிற பேச்சுக்கே இடமில்லை. 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே குற்றம்.

அந்தப் பிரச்சினையில் எனக்கும் கொஞ்சம் பேர் கெட்டது. "வீட்டை உடைக்கிறவ" என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அந்தப் பேர் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஊர் கொடுக்கிற பேரில் எதைக் கட்டிக் காக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணக்கு நேர்மை, வாக்கு, கடன் இவை காக்க வேண்டியவை. அடங்கினவள், எதையும் வெளியில் சொல்லாதவள் என்கிற பேரை யாருக்கும் தெரியாமல் இறக்கி வைத்துவிடலாம்.

சின்ன விஷயங்கள் சில இருக்கின்றன. ஆண் தனியாக இருக்கும் வீட்டுக்குப் பெண்ணும், பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆணும் ஜெபிக்கத் தனியாகப் போக வேண்டாம் என்பது எங்கள் சபையில் பழைய விதி, இளசுகள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன், அது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. விசுவாசிகளுக்குள் கைமாற்று கொடுத்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், "நம்பிக்கை இல்லையா சிஸ்டர்" என்று கேட்டால், நம்பிக்கை இருக்கிறது, ஞாபகம்தான் இல்லை என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிள்ளைகள் போடுகிற கல்யாண வீட்டுப் போட்டோவை வைத்துக் கம்மல் எண்ணுகிறவர்கள் உண்டு. அதற்காகப் பிள்ளைகளைத் திட்டிப் பிரயோஜனமில்லை, எண்ணுகிறவர்கள் எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். சபை மாறுவதாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகாதீர்கள், கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கடிதம் தர மறுத்தால், கேட்டதையும் மறுத்ததையும் நீங்களே எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் இப்போது ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறோம். பேர் சொல்லாத விண்ணப்பம் எடுப்பதில்லை. சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் பேரோடு சொல்லலாம், இல்லையென்றால் வீட்டில் தனியாக ஜெபித்துக்கொள்ளலாம். இதற்கே இரண்டு பேர் கொஞ்ச நாள் கூட்டத்துக்கு வரவில்லை.

வரன் விசாரிக்கிற போன்கள் இப்போது எனக்கும் வருகின்றன. வயதாகிவிட்டால் இந்த வேலை தானாக வந்து சேர்ந்துவிடும். பையனை எனக்கு எத்தனை வருஷமாகத் தெரியும், நான் கண்ணால் பார்த்தது என்ன, அவன் வேலை செய்கிற இடத்தில் யாரைக் கேட்கலாம், இந்த மூன்றைச் சொல்வேன். கேள்விப்பட்டதைச் சொல்வதில்லை. "வேற ஏதாவது இருந்தா மறைக்காம சொல்லுங்க சிஸ்டர், நாங்க ஜெபிக்கத்தான் கேக்குறோம்" என்பார்கள். "ஜெபிக்கிறதுக்கு அந்தப் பையன் நம்பரையே தர்றேன், அவங்கிட்டயே கேட்டுட்டு ஜெபிங்க" என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிடுவேன். போன வாரம் ஒரு அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, பட்டென்று வைத்துவிட்டார். பையனுக்கு அவர்கள் போன் போட்டார்களா என்று விசாரிக்க வேண்டும்.